அடுப்புக்குப் போகும் பருத்திமார்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால் சுண்டும் விறகடுப்பின் பக்கம் போனால் மூக்கில் ஏறும் புகை வாசத்துக்குக் காரணம் குவாயக்கால், சிரிங்கால் என்ற சேர்மங்கள். விறகிலுள்ள லிக்னின் சூட்டில் உடைந்து பிறப்பவை அவை.

செல்லுலோஸ் இழைகளை இறுகப் பிணைத்துச் செடியை நிமிர்த்தி நிறுத்துவது லிக்னின். பஞ்சு எடுத்தபின் காட்டில் நிற்கும் செடித் தண்டான பருத்திமாரின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு அதுதான். லிக்னினின் உடம்பு முழுக்கப் பென்சீன் வளையங்கள். பிசின், பிளாஸ்டிக், மருந்துக்கெல்லாம் வேண்டிய அந்த வளையங்களைப் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே எடுக்கிறோம். விமான எரிபொருளிலும் அவை ஓரளவு இருக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் சீல்கள் உப்பி, கசிவில்லாமல் நிற்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் விமான எரிபொருளில் அவை அநேகமாக இல்லை. அதை 50 சதவீதத்துக்கு மேல் கலக்க அனுமதிக்காததற்கு இது முக்கியக் காரணம்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் கடைசி எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கியாக வேண்டும். விட்டால் காய்ப்புழு அடுத்த வெள்ளாமைக்கும் தங்கிவிடும். பிடுங்கிய மார் அடுப்புக்குப் போகும். மிஞ்சியதை வரப்போரம் கொளுத்துவார்கள். பஞ்சை நம்பி ஊரெல்லாம் மில் வளர்ந்த வட்டாரத்தில், பஞ்சைத் தந்த செடிக்கு இந்தக் கதி.

நார்வேயின் பொர்ரெகார்ட் ஆலை 1962 முதல் ஸ்ப்ரூஸ் மரத்து லிக்னினிலிருந்து ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலினைத் தயாரிக்கிறது. நம் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதில் கிடைக்கும், இதே வளையமுள்ள கார்டனால் பிரேக் லைனிங்குக்கும் பெயின்டுக்கும் போகிறது. முந்திரி ஓட்டில் சரக்கு திரவமாகவே இருப்பதால் வேலை சுலபம். லிக்னின் முரண்டு பிடிக்கும். உடைந்த துண்டுகள் உடனே ஒன்றோடொன்று ஒட்டிக் கரியாகிவிடும். அதைத் தடுக்க ஹைட்ரஜனும் நிக்கல், ருத்தீனியம் போன்ற வினையூக்கிகளும் வேண்டும். ஆய்வகத்தில் கைகூடியது ஆலைக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை.

அதனால் விமான எரிபொருளில் தொடங்கச் சொல்ல மாட்டேன். பிளைவுட் பிசினில் பீனாலின் ஒரு பகுதிக்குப் பதிலாக லிக்னினை அவ்வளவாக உடைக்காமலே சேர்க்கலாம். ஐரோப்பாவில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. நமக்குத் தடை சேகரிப்புதான். மார் இடத்தை அடைக்கும், எடை நிற்காது. லாரி வாடகையிலேயே லாபம் போய்விடும். காட்டிலேயே அரைத்துப் பொடியாக்கினால் அந்தச் செலவு குறையும்.

வேளாண்மைப் பொறியியல் துறை, மார் பிடுங்கவும் அரைக்கவும் கருவிகளை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும். பக்கத்திலேயே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள வேதியியலாளர்கள் முதல் மூட்டை மாரை நம் கரிசல் விவசாயியிடமே விலைக்கு வாங்கட்டும்.