கல்லூரிப் படிப்பும் கைப்பொருளும்

மேனிலைப் பள்ளித் தேர்வில் ஒரு மாணவன் நன்கு தேறுகிறான். கல்லூரியில் இடமும் கிடைத்துவிடுகிறது. ஆயினும், "இவ்வளவு பணத்திற்கு எங்கே போவது?" என்று தந்தை கேட்கும் ஒரு கேள்வியில் அவன் படிப்பு நின்றுபோகிறது. இவ்வாறு நின்ற படிப்புகள் பல. அவற்றுள் சில, உதவி இல்லாமையால் நின்றவை அல்ல. உதவி உண்டென்று உரிய காலத்தில் அறியாமையால் நின்றவை. ஆதலின், தமிழ்நாட்டு மாணவர் அறியத்தக்க சிலவற்றை இங்கே கூறுவோம்.

முதற்கண் செய்யத்தக்கது கணக்கெழுதுதல். கல்விக் கட்டணம் ஒன்றே செலவன்று. விடுதி, உணவு, பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம் ஆகிய யாவற்றையும், முதலாண்டிற்கு மட்டுமன்றிப் படிப்பு முடியும் வரைக்கும் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, திருப்பித் தரவேண்டாத உதவிகளை நாடுக. பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோர்க்குத் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 இல் மருத்துவத்திலும், 2021 இல் பொறியியல் முதலியவற்றிலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவியர்க்கு 2022 இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024 இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கப்பெற்றன. மூன்றாண்டிற்குக் கணக்கிட்டால் இது 36,000 ரூபாய், சிறு தொகையன்று.

இவற்றாலும் நிரம்பாத குறைக்கே கடனை நாடுதல் முறை. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 4 இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு வேண்டுவதில்லை; பெற்றோர் உடன் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. ஆண்டின் தொடக்கந்தோறும் ஓர் இலட்சமாக மூன்றாண்டு பெற்று, 9 விழுக்காடு தனிவட்டி என்று கொண்டால், நான்காம் ஆண்டின் முடிவில் 3 இலட்சம் 3,81,000 ஆகிவிடும். படிக்கும்போதே வட்டியைச் செலுத்தி வருவார்க்கு இச்சுமை ஏறாது.

இறுதியாக ஒன்று. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுள் தமக்குரியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறுக. தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் தொடங்குக. நிபந்தனைகளையும் கடைசி நாளையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிக. கேட்பதில் நாணம் வேண்டா. அது பிச்சையன்று, உரிமை. நாணத்தால் கேளாதிருந்த ஒரு நாளில் தவறிய இடம், மறு ஆண்டு தானாகத் திரும்பி வருவதில்லை.