மலையடிவாரத்தில் மாரடைப்பு

மாரடைப்பு வைத்தியத்தில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், அந்த நாடியை நம்பியிருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். அடைப்பு எத்தனை சீக்கிரம் திறக்கிறதோ அத்தனை தசை மிஞ்சும். பெரிய நகரத்தில் இந்த நேரம் வைத்தியசாலைக்குள்ளும் வீணாகலாம். மலைநாட்டில் அது பாதையிலேயே கரைந்துவிடுகிறது.

நல்லதண்ணி, சிவனொளிபாத மலையின் அட்டன் பக்கத்து அடிவாரம். அட்டனிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தேயிலை மலைகளையும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தையும் சுற்றிக்கொண்டு வரும் பாதையின் முடிவில் இருக்கிறது. இங்கே லயத்தில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் தோட்டத்து டிஸ்பென்சரி, மஸ்கெலியா வைத்தியசாலை, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட கிளங்கன் கட்டடத்தை 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அதே நாள் நோர்வூட் கூட்டத்தில், மேல், தென் மாகாணங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை மற்ற மாகாணங்களுக்கும் விரிவாக்கப்படும் என்று அறிவித்தார். இதய நாடிக்குள் குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கும் வசதிக்குக் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அட்டனிலிருந்து கண்டிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும்.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையிலான சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. ஆயிரக்கணக்கான படிகள், ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். பெரும்பாலோர் தூக்கம் விட்டு இரவில் ஏறுகிறார்கள். 2243 மீட்டர் உயர உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு அளவுக்குக் குறைவு. கடுமையான உடலுழைப்பு மாரடைப்பைத் தூண்டுமா என்பதை அமெரிக்காவில் மிட்டில்மன் குழுவினர் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்த 1228 பேரிடம், வலி தொடங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், வழக்கமாக எவ்வளவு உழைப்பவர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள். கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் அபாயம் சராசரியாக ஏறத்தாழ 6 மடங்கு. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவர்களுக்கு 2.4 மடங்கு, உடலை வளைத்தே பழகாதவர்களுக்கோ 107 மடங்கு. நாற்காலி வேலையிலிருந்து வந்து ஒரே இரவில் மலையேறும் யாத்திரிகருக்கும், கொழுந்துக் கூடையோடு நாள்தோறும் மலையில் நிற்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த எண்கள் ஓரளவு விளக்குகின்றன. மடங்குக் கணக்கு பயமுறுத்தினாலும், ஒரு தனி மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

குழாய் செலுத்த வசதியில்லாத வைத்தியசாலையில் என்ன செய்யலாம்? உறைந்த இரத்தத்தை மருந்தால் கரைக்கலாம் என்பதை 1986இல் இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வு சுமார் 11,700 பேரிடம் காட்டியது. அதிலிருந்து இரண்டு ஆண்டுகளில் ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்தப்பட்ட ஐசிஸ்-2 ஆய்வு வந்தது. 417 வைத்தியசாலைகள், 17,187 நோயாளிகள். குலுக்கல் முறையில் சிலருக்கு உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், சிலருக்கு ஒரு மாதம் அஸ்பிரின், சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி. எந்த மருந்தும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தோர் 13.2 சதவீதம், இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அஸ்பிரின் தனியாகவே ஸ்ட்ரெப்டோகைனேஸுக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தந்தது. நவீன இதய வைத்தியத்தில் மலையோரத்து வாட்டுக்கு இதைவிடப் பயன்பட்ட கண்டுபிடிப்பு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

ஐசிஸ்-2 இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்படுகிறது. எந்த வகை நோயாளிக்கு எவ்வளவு பலன் என்று பிரித்துக் காட்டும்படி ஆய்விதழ் கேட்டது. ஆய்வாளர்களும் பிரித்தார்கள்; ராசி வாரியாகவும் பிரித்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் சற்றுக் கெடுதல், மற்ற பத்து ராசிகளுக்கும் பெரிய நன்மை என்று முடிவு வந்தது. நோயாளிகளைச் சிறு சிறு கூறாக வெட்டிக்கொண்டே போனால் தற்செயல்கூட உண்மைபோல் வேடம் போடும் என்பதைக் காட்டத்தான் அந்தக் குறும்பு. சாதகம் பார்க்கும் ஊரிலும் எந்த வைத்தியரும் ராசி கேட்டு அஸ்பிரின் கொடுப்பதில்லை.

கரைக்கும் மருந்துக்கும் நேரம் உண்டு. 58,600 பேர் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1994இல் வெளியான கணக்குப்படி, வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் 1000 பேரில் ஏறத்தாழ 30 உயிர் கூடுதலாக மிஞ்சும். ஏழிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 20. மூளையில் இரத்தக்கசிவு என்ற ஆபத்தும் இதில் உண்டு. அதனால்தான் அண்மையில் பக்கவாதம் வந்தவரா, அறுவைச் சிகிச்சை நடந்ததா என்றெல்லாம் வைத்தியர் கேட்கிறார். அவசரத்தில் இந்தக் கேள்விகள் தாமதமாகத் தோன்றலாம், தாமதமல்ல.

நாடியைக் குழாயால் திறப்பது மருந்தைவிட மேல் என்று 2003இல் 23 ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. குறுகிய கால மரணம் மருந்து பெற்றோரில் 9 சதவீதம், குழாய்ச் சிகிச்சை பெற்றோரில் 7 சதவீதம். ஆனால் தூரத்துக்கு என்ன பதில்? 2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் குழாய்ச் சிகிச்சை பெற வழியில்லாத 1892 பேர். ஒரு பகுதியினருக்கு முதலில் உறைவைக் கரைக்கும் டெனெக்டெப்லேஸ் ஊசி போட்டுப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை நேரே குழாய்ச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மரணம், அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறுமாரடைப்பு ஆகியவை சேர்ந்து முதல் பகுதியில் 12.4 சதவீதம், இரண்டாவதில் 14.3. வேறுபாடு உறுதியானதல்ல. ஊசி பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நாடி திறக்காமல் அவசரக் குழாய்ச் சிகிச்சை தேவைப்பட்டது. அதாவது, அருகில் கிடைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுத் தாமதிக்காமல் நோயாளியை அனுப்புவது இரண்டாந்தர வைத்தியம் அல்ல. அனுப்பாமல் வைத்துக்கொள்வதுதான் பிழை.

இதை ஊர் அளவில் செய்து பார்த்தது தமிழ்நாடு. தோமஸ் அலெக்சாண்டர், அஜித் முள்ளசாரி ஆகிய இதய மருத்துவர்கள் முன்னின்ற திட்டத்தில், பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி 35 சிறு மருத்துவமனைகளை இணைத்தார்கள். ஈ.சி.ஜி. படம் கருவி வழியாக மையத்துக்குப் போகும். அங்கிருந்து யோசனை வரும். 108 அம்பியுலன்ஸ் ஆளைக் கொண்டுபோகும். திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக 2420 நோயாளிகளைப் பார்த்தபோது, ஓராண்டு மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வு குலுக்கல் முறையில் நடக்கவில்லை. ஆகவே காலமாற்றத்தால் வந்த பலனும் இதில் கலந்திருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் தரமுயர்த்தும் முறை ஒன்றைக் குலுக்கல் முறையிலேயே சோதித்தார்கள். 21,374 பேரைப் பார்த்தும், 30 நாள் விளைவில் அதனால் உறுதியான மாற்றம் வந்ததாகக் காட்ட முடியவில்லை. அந்த முடிவையும் அவர்கள் 2018இல் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

பலனில்லை என்று காட்டும் ஆய்வுகளுக்கு அவசர வைத்தியத்தில் தனி மதிப்பு. மாரடைப்பு என்றாலே ஒட்சிசன் முகமூடி மாட்டுவது நெடுங்கால வழக்கம். 2017இல் சுவீடனில் 6629 பேரிடம் சோதித்தபோது, இரத்தத்தில் ஒட்சிசன் போதிய அளவில் இருந்தவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. இலங்கையிலேயே இதைவிட அருமையான பாடம் ஒன்று நடந்தது. இதயத் துடிப்பைக் குலைக்கும் மஞ்சள் அரளி நஞ்சுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மரணம் 8 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைகிறது என்று 2003இல் 401 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. அரளியோடு பிற நஞ்சுகளையும் சேர்த்து 4632 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. மாற்றுமருந்தின் கதை வேறு: 2000இல் கொழும்பில் 66 பேரிடம் நடந்த ஆய்வில், டிகொக்சின் எதிர்ப்பு மருந்து பெற்ற 34 பேரில் 15 பேரின் துடிப்பு இரண்டு மணி நேரத்தில் சீராகியது, பெறாத 32 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

நெஞ்சுவலியில் துடிப்பவரிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்பது எளிதல்ல. அவருக்குப் புரியும் மொழியில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மறுத்தாலும் வழக்கமான வைத்தியம் குறையாது என்று உறுதி தர வேண்டும். இலங்கையில் ஆய்வுத் திட்டம் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். 2006 முதல் மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடும் இருக்கிறது. தோட்டத்தில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடும்.

மாரடைப்பு வருமுன் தடுப்பதற்கான ஆய்வுகள் இங்கே அவசர வைத்தியத்தைவிட எளிதில் எட்டக்கூடியவை. மூன்று இரத்த அழுத்த மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையில் சேர்த்து, இலங்கையின் 11 வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் கிளினிக்குகளில் 700 பேரிடம் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் இலக்கு அழுத்தத்தை எட்டியவர்கள், அந்த மாத்திரை எடுத்தோரில் 70 சதவீதம், வழக்கமான வைத்தியம் பெற்றோரில் 55. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் கிராமங்களில் 2645 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் அழுத்தம் அளந்து ஆலோசனை சொன்னதாலும், வைத்தியருக்குத் தந்த பயிற்சியாலும், மேல் அழுத்தம் மற்றக் கிராமங்களைவிட 5 புள்ளிகள் கூடுதலாக இறங்கியது.