எளிய மடிக்கணினியில் மூலநிரல் தொகுப்பு

ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுப்பது என்றால், மனிதர் எழுதிய நிரலை நுண்செயலிக்குப் புரியும் கட்டளைகளாக நம் கணினியிலேயே மாற்றிக்கொள்வது. ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பொதிகளாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு இந்த வேலை தேவையில்லை. பழைய லினக்ஸ் பதிப்பில் புதிய மென்பொருள் கிடைக்காதபோதும், நிரலைத் திருத்திப் பார்க்க விரும்பும்போதும் இதுவே வழி.

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் செஞ்சி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களிடமும் லினக்ஸைக் கொண்டுசேர்த்தது. தொடக்கத்தில் தந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நினைவகம் 2 ஜிபி. கவனமாகச் செய்தால் அது தொகுப்பு வேலைக்கும் போதும்.

பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே 'பில்ட்-எசென்ஷியல்' பொதியை நிறுவினால் ஜிசிசி தொகுப்பியும் 'மேக்' கருவியும் வந்துவிடும். பல மென்பொருள்களில் முதலில் ஓடுவது 'கன்ஃபிகர்'. தேவையான நிரலகங்கள் இருக்கின்றனவா என்று அது சோதிக்கும். இல்லாததன் பெயரைச் சொல்லி நின்றால், பெயர் 'டெவ்' என முடியும் பொதியைத் தேடி நிறுவ வேண்டும். பிறகு 'மேக்' ஒவ்வொரு கோப்பாகத் தொகுக்கும். கடைசியில் இணைப்பி எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும்.

இத்தகைய கணினியில் வேகக் குறைவால் நேரம்தான் கூடும். வேலையையே நிறுத்துவது நினைவகப் பற்றாக்குறை. சி++ கோப்பு ஒன்றே சில நூறு எம்பி கேட்கலாம். நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கச் சொன்னால் 2 ஜிபி நிரம்பி, வட்டு ஓயாமல் உழலும். அதற்கும் மேலே போனால் லினக்ஸ் கருனியே தொகுப்பியை நிறுத்திவிடும். இதை நிரலின் பிழை என்று நினைத்துப் பலர் கைவிடுகிறார்கள். 'மேக்' கட்டளையில் 'ஜே1' என்று ஒவ்வொன்றாகத் தொகுக்கச் சொல்லி, வட்டில் கூடுதல் நினைவகம்போல் உதவும் ஸ்வாப் கோப்பையும் 2 ஜிபி அளவில் அமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரோமியம் உலாவி போன்றவற்றை மட்டும் முயல வேண்டாம்; குரோமியத்துக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும்.

பாதியில் மின்சாரம் போனால் எல்லாம் வீணாகிவிடாது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்', கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, தொகுக்காமல் விட்டதை மட்டும் தொடரும். மின்தடையின்போது எழுதப்பட்ட கடைசிக் கோப்பு மட்டும் சிதைந்திருக்கலாம். அதை அழித்துவிட்டுத் தொடர்வது நல்லது.

முடிந்ததும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை பொதுவாக யூசர்-லோக்கல் அடைவில் நிறுவும், பொதிகளோடு மோதாது. நீக்கும்போது தேவைப்படும் என்பதால் மூல அடைவை அழிக்க வேண்டாம்.

எங்காவது சிக்கினால் தயங்காமல் கேளுங்கள்: செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது.