வால் நுனியில் ஒரு வளையம்

இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலை மலைக்கும் காட்டுக்கும் இடையில் ஓடும் ஒற்றையடிப் பாதைகளில், இருபுறமும் எதிரெதிராகக் கட்டிய சிறு பெட்டிகளைக் காணலாம். ஏதாவது கடந்து போனால் தாமாகவே படம்பிடிக்கும் கேமராக்கள் அவை. அஞ்சலி வாட்சனும் ஆண்ட்ரூ கிட்டிலும் நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை, மத்திய மலைநாட்டின் சிறுத்தைகளை இப்படித்தான் கணக்கெடுத்து வருகிறது. ஒரு பாதைக்கு ஏன் இரண்டு கேமரா? சிறுத்தையின் இடப்பக்கத்துப் புள்ளிகள் வலப்பக்கத்தில் அப்படியே இருப்பதில்லை. இரண்டு பக்கமும் படத்தில் கிடைத்தால்தான் இன்ன சிறுத்தை என்று உறுதியாகச் சொல்லலாம். நம் கைரேகையைப் போல, ஒன்றுக்கு அமைந்தது இன்னொன்றுக்கு அமைவதில்லை.

மலையகத்தில் 'புலி வந்தது' என்றால் சிறுத்தை வந்தது என்றே பொருள். இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. கொழுந்தெடுக்கப் போன இடத்தில் தேயிலைச் செடிக்கடியில் புலியைக் கண்டு, கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த கதைகள் தொழிலாளர் வசிக்கும் லயத்துக்கு லயம் உண்டு. காயப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒரு படத்தில் அந்தத் தோலை நிதானமாகப் பார்க்க வாய்த்தால் பயம் விலகி வியப்பு வந்து உட்காரும். புள்ளி என்று நாம் சொல்வது வெறும் புள்ளியே அல்ல. சில கறுப்புத் தீற்றல்கள் கூடி ஓர் உடைந்த வளையமாக நிற்கின்றன. வளையத்துக்கு உள்ளே இருக்கும் மஞ்சள், வெளியே இருக்கும் மஞ்சளைவிடச் சற்று அடர்ந்தது. முதுகிலும் விலாவிலும் இந்தப் பூக்கள்; தலையிலும் கால்களிலும் தனிப் புள்ளிகள்; வாலின் நுனியை நெருங்கும்போது பட்டை பட்டையாக வளையங்கள். யாரோ உட்கார்ந்து யோசித்துத் தீட்டியதைப் போல.

இதைத் தீட்டியது எது என்ற கேள்விக்குக் கணக்கால் விடை தேடியவர் ஆலன் ட்யூரிங். கணினி அறிவியலின் தந்தை என்று நாம் அறிந்த அதே மனிதர்தான். 1952இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ட்யூரிங் சொன்னது இதுதான்: கருவின் தோலில் இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவினால் போதும். ஒரே சீராக இருந்த பரப்பில் தானாகவே புள்ளியும் கோடும் எழும். வெளியிலிருந்து எந்தக் கையும் வந்து வரைய வேண்டியதில்லை.

பரவினால் எல்லாம் கலந்து சமமாகிவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? பிறகு எப்படிப் புள்ளி விழும்? ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். டிக்கோயா வரும், பிறகு நோர்வூட், பிறகு பொகவந்தலாவை. ஒவ்வொன்றிலும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நடுவில் உள்ள தூரமெல்லாம் தேயிலைதான். கடை இருக்கும் இடத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆட்கள் வருவதால் பக்கத்திலேயே இன்னொரு கடை முளைக்கிறது. இது அருகில் நடக்கும் வளர்ச்சி. அதே கடைத்தெரு சுற்றுப்பட்டுத் தோட்டங்களின் வியாபாரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், கொஞ்ச தூரத்துக்கு வேறொரு கடைத்தெரு எழ முடிவதில்லை. இது தொலைவு வரை எட்டும் தடை. அந்தத் தடை ஓய்ந்துபோகும் இடத்தில்தான் அடுத்த ஊர். கருவின் தோலிலும் இப்படித்தான் என்று ட்யூரிங்கும் அவர் வழியில் வந்தவர்களும் விளக்கினார்கள். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் பொருள் மெதுவாகப் பரவுகிறது. அதை அடக்கும் பொருள் வேகமாக ஓடிப் பரவுகிறது. இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறி நின்ற இடங்களே புள்ளிகள்.

இதிலிருந்து ஓர் அழகான முடிவு பிறந்தது. கணித உயிரியலாளர் ஜேம்ஸ் மர்ரி காட்டியது அது: அகன்ற பரப்பில் புள்ளிகள் நாலாபக்கமும் பரவி விழ இடம் உண்டு. குச்சியாகச் சிறுத்துப்போன வால் நுனியில் சுற்றளவு போதாது; அங்கே புள்ளி விழ முயன்றால் சுற்றி வளைத்து வளையமாகத்தான் முடியும். ஆகவே உடலில் புள்ளியும் வாலில் வளையமும் உள்ள விலங்கு இருக்கலாம். உடலில் வரியும் வாலில் புள்ளியும் உள்ள விலங்கு இருக்க முடியாது. உங்களுக்குத் தெரிந்த விலங்குகளை எல்லாம் ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

வெறும் கணக்கோடு இது நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் ஹட்சன்ஆல்ஃபா ஆய்வு நிறுவனத்தார் பூனைக் கருக்களின் தோலை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரோமம் முளைப்பதற்கு முன்பே, நிறம் எட்டிப் பார்ப்பதற்கும் முன்பே, எந்த இடம் கறுக்க வேண்டும் என்று தோலில் குறி விழுந்துவிடுகிறது. டிகேகே4 என்ற மரபணு அந்த இடங்களில் விழித்திருக்கிறது. வாசலில் கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைத்துக்கொண்டு பிறகு இழை இழுப்பதைப் போன்ற வேலை இது.

குறி முதலில், நிறம் பிறகு என்பதற்கு மலையகத்தில் ஒரு துயரமான சாட்சியும் இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி அருகே, லக்ஷபான தோட்டத்தில், கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மீட்டுக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் ஒரு மரபணு மாற்றம் வந்து சேர்ந்தால் மஞ்சள் விழ வேண்டிய இடமும் கறுத்துவிடுகிறது, அவ்வளவுதான். புள்ளிகள் அழிவதில்லை. சாய்வான வெயிலில் கறுப்புக்குள் கறுப்பாக அவை தெரியும். மலேசியாவில் ஆய்வாளர்கள் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தபோது கருஞ்சிறுத்தைகளின் பூக்கள் அத்தனையும் துலங்கி வந்தன. அவற்றை வைத்தே ஒவ்வொன்றையும் பிரித்து எண்ணினார்கள்.

தோலைப் புள்ளியால் நிரப்பும் இந்த வேலையைக் கையால் செய்பவர்களும் உண்டு; இப்போது ஓவியர்களிடம் வருகிறேன். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கட் கிராமத்தில் பிறந்த கோண்டு ஓவியர் ஜங்கட் சிங் ஷியாம், மானையும் பறவையையும் வரைந்து உடல் முழுவதையும் புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் நிரப்பினார். ஓவியர் ஜே. சுவாமிநாதன் 1980களின் தொடக்கத்தில் அவரைப் போபாலின் பாரத் பவனுக்கு அழைத்து வந்தார். இன்று கோண்டு ஓவியர்கள் பலருக்கும் தமக்கென்று ஒரு நிரப்பு முறை உண்டு. அதைக் கண்டே ஆளைச் சொல்லிவிடலாம். அந்தப் படங்களைக் கனவு என்கிறோம். எனக்கு அவை இயற்கையின் வேலைமுறைக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு சிறிய விதி, ஓர் உடலின் வடிவம், விளிம்பு வரை அந்த விதியை விடாமல் நிரப்பும் பொறுமை: சிறுத்தையின் தோலும் அப்படித்தானே உருவாகிறது?

புள்ளியும் கோடும் இருக்கட்டும்; நிறம்? ஜெர்மானியர் ஃபிரான்ஸ் மார்க் 1911இல் குதிரைகளை நீலமாகவும் பசுவை மஞ்சளாகவும் தீட்டினார். உலகம் ஒரு குதிரைக்கும் மானுக்கும் எப்படித் தெரியும் என்பதே அவரை வாட்டிய கேள்வி. அறிவியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை. மான் இனங்களின் கண்ணில் இரண்டு வகை. செம்மஞ்சளும் பச்சையும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஹோட்டன் சமவெளியில் மேயும் மரையின் கண்ணுக்குச் சிறுத்தை புல்லின் நிறம். நாம் பார்க்கும் மஞ்சள் சிறுத்தை மரை காணாத சிறுத்தை. பச்சைச் சிறுத்தை வரையும் பிள்ளை, தெரியாமலே மரையின் கண்ணால் பார்த்திருக்கிறது.

அந்தக் கருஞ்சிறுத்தையைச் சிக்கவைத்தது போன்ற கண்ணிக் கம்பிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கப்படுகின்றன. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் கண்ணியைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பள்ளிச் சுவரில் விலங்குப் படம் தீட்டப்போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: சிறுத்தையின் உடல் நீலமோ பச்சையோ, பிள்ளைகள் விரும்பியதாக இருக்கட்டும். வாலின் நுனிக்கு வரும்போது மட்டும் புள்ளி வைக்காமல் வளையம் போடச் சொல்லுங்கள்.