முதல் டீயில் நடுங்கும் கை

அமெச்சூர் கோல்ஃப் போட்டியில் முதன்முறையாக இறங்குபவருக்கு வரும் பதற்றத்தில் பந்தை எப்படி அடிப்பது என்ற கவலை ஒரு பங்குதான். எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், பந்து தொலைந்தால் யாரிடம் சொல்வது, அட்டையில் எண்களை யார் எழுதுவது, மற்ற மூவரும் காத்திருக்க ஒரே குழியில் ஒன்பதாவது முறை அடிக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளே முந்தைய இரவில் தூக்கத்தைக் கெடுக்கின்றன. நண்பர்களோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றுக்கு விடை தேவைப்படுவதில்லை. முதல் அடி சறுக்கினால் இன்னொரு பந்தை வைத்து அடிக்கலாம். குழிக்கு இரண்டு சாண் தூரத்தில் நிற்கும் பந்தை "எடுத்துக்கங்க" என்று விட்டுக்கொடுப்பார்கள். போட்டியில் எல்லா அடியும் எண்ணப்படும், பொதுவாகப் பந்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆட்டம் அதேதான், சலுகைகள் போய்விட்டன.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும் ரசாயன ஆலைகளுக்கும் பெயர்போன நகரம். அங்கே இருக்கும் தஞ்சோங் புத்ரி கோல்ஃப் ரிசார்ட்டில் பிளாண்டேஷன், வில்லேஜ், ஸ்ட்ரெய்ட்ஸ் என்று மூன்று மைதானங்கள், மொத்தம் 54 குழிகள். இங்கேயானாலும் மலேசியாவில் வேறெங்கேயானாலும் புதியவர் ஒருவர் சந்திக்கும் முதல் போட்டி பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்: கிளப் உறுப்பினர்களின் மாதப் போட்டி, நிறுவனமோ சங்கமோ நடத்தும் ஒருநாள் போட்டி, பள்ளிக்கோ அறப்பணிக்கோ நிதி திரட்டும் போட்டி. எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது பதற்றத்துக்கான முதல் மருந்து. ஏனென்றால் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் மாறுகிறது.

அடிகளை அப்படியே கூட்டும் ஸ்ட்ரோக் பிளே முறையில் ஒரு குழியில் 12 எடுத்தால் அந்த 12 கடைசிவரை கூடவே வரும். ஸ்டேபிள்ஃபோர்ட் முறை அவ்வளவு கொடுமையானதல்ல. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கில மருத்துவர் வகுத்த இந்த முறை 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டிக்கு வந்தது. ஹேண்டிகேப் (திறமைக்கேற்ற சலுகை அடிகள்) 24 உள்ளவருக்கு ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி கூடுதல். மிகக் கடினமான ஆறு குழிகளில் இரண்டு அடி கூடுதல். ஓர் அடி மட்டும் கூடுதல் உள்ள பார்-4 குழியில் அவர் ஐந்தில் முடித்தால் 2 புள்ளி, ஆறில் முடித்தால் 1, ஏழு ஆகிவிட்டால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் இல்லை. எனவே ஆறாவது அடியிலும் பந்து விழவில்லை என்றால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பின்னால் காத்திருப்பவர்கள் நன்றிதான் சொல்வார்கள். 18 குழிகளில் 36 புள்ளி எடுத்தவர் தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்றபடி ஆடியவர். புதியவர் 25 எடுத்தாலும் அது மோசமான நாள் அல்ல.

ஹேண்டிகேப்பே இல்லாதவர்களுக்காக நிறுவனப் போட்டிகளில் சிஸ்டம் 36 என்ற கணக்கைப் பயன்படுத்துவார்கள். பார் அல்லது அதைவிடக் குறைவாக முடித்த குழிக்கு 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் போனால் பூஜ்யம். மொத்தத்தை 36இலிருந்து கழித்தால் அன்றைய ஹேண்டிகேப். இது ஆடி முடித்த பிறகே தெரியவரும் என்பதால் நடுவழியில் மனக்கணக்குப் போட்டுக் கலங்குவதில் பயனில்லை.

இந்த விவரங்கள் எல்லாம் தெரிந்த பிறகும் முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், கை நடுங்கத்தான் செய்யும். ரோரி மெக்கில்ராய் உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர். வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் அவர் பிறந்த மண்ணின் மைதானம். 16 வயதிலேயே அங்கே 61 அடித்துச் சாதனை படைத்தவர். 2019இல் ஓப்பன் சாம்பியன்ஷிப் அங்கே வந்தபோது ஊரே திரண்டு நின்று பார்க்க, அவருடைய முதல் அடி எல்லைக்கு வெளியே போனது. அந்த பார்-4 குழியை எட்டில் முடித்தார். அன்றைய மொத்தம் 79. மறுநாள் 65 அடித்தும் ஒரே ஓர் அடியில் அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தார். அனுபவம் கூடினால் பதற்றம் போய்விடும் என்று சொல்பவர்கள் இந்த ஸ்கோர் அட்டையை ஒருமுறை பார்க்கலாம்.

உடலில் நடப்பது எளிமையானது. பிறர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரல்கள் சில்லிட்டு உணர்வு மங்குகிறது, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது. விரலில் உணர்வு குறைந்ததும் பிடி தானாகவே இறுகும். பிடி இறுகினால் முன்கை விறைக்கும். விறைத்த கையால் கிளப்பின் முகத்தை நேரத்துக்குத் திருப்ப முடியாது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகும். அதோடு காலமும் ஓடுவது போலத் தோன்றும். வழக்கமாக நிதானமாக அடிப்பவர் பாதி நேரத்தில் அடித்து முடித்துவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் நிற்பார். பிடியும் வேகமும்தான் பதற்றம் நுழையும் வாசல்கள் என்பதால் அங்கேயே அதைத் தடுப்பதுதான் புத்திசாலித்தனம். கிளப்பை எடுக்கும் முன் மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். அது இதயத் துடிப்பை மெல்லத் தணிக்கும். கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தினால், தளர்ந்த பிடி எப்படி இருக்கும் என்பது விரல்களுக்கு நினைவு வரும்.

"ரிலாக்ஸா இருங்க" என்பது இந்த நேரத்தில் கொடுக்கப்படும் அறிவுரைகளிலேயே மிகவும் பயனற்றது. துடிக்கும் இதயத்தைக் கட்டளையிட்டு அடக்க முடியாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கரோக்கே பாடவும் மேடையில் பேசவும் போகிறவர்கள் தங்களை அமைதிப்படுத்த முயன்றதைவிட, தங்கள் படபடப்பை உற்சாகம் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டபோது நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார். மலேசியர்களுக்கு கரோக்கேயைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. மைக் கைக்கு வரும் கணத்தில் ஏற்படும் அதே படபடப்புதான் டீயிலும். அதற்கு எந்தப் பெயர் வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

எதையும் யோசிக்காமல் அடித்துவிடு என்பது இன்னொரு பொது அறிவுரை. இது எல்லாருக்கும் பொருந்தாது. சியன் பைலாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கோல்ஃப் பட்டிங்கை வைத்து நடத்தி 2004இல் வெளியிட்ட சோதனையில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரைவாக அடிக்கச் சொன்னபோதும், புதியவர்கள் கவனமாக அடிக்கச் சொன்னபோதும் நன்றாக ஆடினார்கள். தேர்ந்தவர் கை தானாகச் செய்யும் வேலையை மனம் குறுக்கிட்டுக் கெடுக்கிறது. புதியவருக்கோ கை இன்னும் அந்த வேலையைக் கற்று முடிக்கவில்லை. முதல் போட்டிக்கு வருபவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே அவருக்கு யோசனை தேவைதான், ஆனால் ஒன்றே ஒன்று போதும்: "பிடி தளர்வு" என்றோ, "முடித்து நில்" என்றோ. போட்டிக்கு முந்தைய வாரம் காணொளிகளைப் பார்த்துப் புதிய ஸ்விங் கற்க முயல்வது, தேர்வு அன்று காலையில் புதுப் பாடம் திறப்பதைப் போன்றது.

பதற்றத்தின் விலை எல்லா நேரமும் ஸ்விங்கில்தான் வெளிப்படும் என்றில்லை. கோல்ஃப் விதிகள் தடுமாறுபவரிடம் இரக்கம் காட்டுவதில்லை. டீ நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் இரண்டு அடி தண்டம். அதற்கு மேல் போனால் தகுதி நீக்கம். சிங்கப்பூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் வார இறுதியில் காஸ்வே நெரிசலைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும்; குடிநுழைவு வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர், பிறகு எவ்வளவு மூச்சு விட்டாலும் முதல் மூன்று குழிகளை இழந்தவர்தான். பையில் 14 கிளப்களுக்கு மேல் இருக்கக்கூடாது. 2001 ஓப்பனின் கடைசி நாளில் முன்னணியில் இருந்த இயன் வூஸ்னம், முதல் குழியை முடித்த பிறகுதான் பையில் 15ஆவது கிளப்பாக இன்னொரு டிரைவர் இருப்பதை அறிந்தார். இரண்டு அடி தண்டம். இரவில் பையைப் பிரித்து எண்ணிவிட்டால் காலையில் ஒரு கவலை குறையும்.

பந்து காட்டுக்குள் போனால் தேட மூன்று நிமிடம்தான் உண்டு. 2019க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தேடப் போகும் முன்பே "ப்ரோவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுப் பந்தை அடித்துவிடுவது நல்லது. பதற்றத்தில் பலர் இந்த ஒரு சொல்லை விழுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. இரண்டாவது பந்தே தண்டத்தோடு ஆட்டப் பந்து ஆகிவிடும். எந்த கிளப்பால் அடித்தீர்கள் என்று எதிராளியிடம் கேட்டால் இரண்டு அடி தண்டம். தூரம் எவ்வளவு, விதி என்ன என்று கேட்கத் தடையில்லை. புதியவருக்கு மிகவும் ஆறுதல் தரும் விதி ஒன்று உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு: ஸ்ட்ரோக் பிளேயில் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால், மார்க்கரிடம் (உங்கள் அட்டையில் எண்களை எழுதுபவரிடம்) சொல்லிவிட்டு, எந்தப் பந்து எண்ணப்பட வேண்டும் என்பதையும் தெரிவித்து, அந்தக் குழியை இரண்டு பந்துகளால் முடிக்கலாம். அட்டையைக் கொடுக்கும் முன் போட்டிக் குழுவிடம் சொன்னால் எது செல்லும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர்வது நல்லது. ஸ்ட்ரோக் பிளேயில் ஆடப்போகும் மைதானத்தில் அன்று முன்கூட்டியே பயிற்சி அடிக்கக்கூடாது. பயிற்சித் திடலிலும் பயிற்சி கிரீனிலும் முதல் டீக்கு அருகிலும் பட், சிப் செய்யலாம். சில பந்துகளே போதும். நோக்கம் உடலைச் சூடாக்குவது. ஸ்விங்கைத் திருத்துவது அல்ல. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் வெயிலும் ஈரப்பதமும் தாமாகவே இதயத்துடிப்பை ஏற்றிவிடும், அதையும் பதற்றம் என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எண்ணெய் மிதக்கும் நாசி லெமாக்கும் இரண்டு குவளை தே தாரிக்கும் கலங்கிய வயிற்றுக்கு ஏற்றவையல்ல. ஒரு ரொட்டி சானாய், வாழைப்பழம், பக்கியில் (கோல்ஃப் வண்டியில்) நிறையத் தண்ணீர் என்பது பாதுகாப்பான வழி.

மலேசிய ஒருநாள் போட்டிகளில் ஷாட்கன் முறை வழக்கம்: எல்லா ஃப்ளைட்டுகளும் (ஒன்றாக ஆடும் நால்வர் அணிகளும்) வெவ்வேறு குழிகளிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கும். இது அஞ்சுபவருக்கு வரப்பிரசாதம். கிளப் வாசலில் கூட்டம் பார்க்க அடிக்க வேண்டியதில்லை. அந்த ஃப்ளைட்டின் மற்ற மூவரே பார்வையாளர்கள், அவர்களும் தங்கள் அடியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் அடிக்கு டிரைவரை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நம்பிக்கையான 7-அயர்னால் புல்வெளியின் நடுவில் 130 மீட்டர் போட்டுவிட்டால் அந்தக் குழி உயிரோடு இருக்கிறது. பாசிர் கூடாங் உலகப் பட்டத் திருவிழாவால் பெயர் பெற்ற ஊர். பட்டத்தை ஏற்றும் காற்று உயரப் போகும் டிரைவர் பந்தையும் கொண்டுபோகும்.

முதல் டீயைத் தாண்டியதும் பதற்றம் இடம் மாறி கிரீனுக்கு வருகிறது. மூன்றடி தூரத்திலிருந்து பட் தவறுவதுதான் மிகவும் வெட்கமாகத் தோன்றும். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1992இல் பட்டிங் செய்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தபோது, நல்ல ஆட்டக்காரர்களின் பார்வை அடிக்கும் முன் பந்தில் நீளமாக ஊன்றி நிற்பதையும், திறமை குறைந்தவர்களின் கண் குழிக்கும் பந்துக்கும் இடையே அலைவதையும் கண்டார். பந்தின் பின்புறத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே அடித்து, பந்து போன பிறகும் ஒரு கணம் அந்த இடத்தையே பார்ப்பது எளிய பழக்கம். முன்பே பழகியிருந்தால்தான் அன்று வரும்.

கெட்ட குழி ஒன்றோ இரண்டோ வந்தே தீரும். அடுத்த டீக்கு பக்கி ஓடும் நேரம் வருத்தப்படப் போதுமானது. புள்ளிகள் சமமானால் பல போட்டிகளில் கவுண்ட்பேக் பார்ப்பார்கள்: கடைசி ஒன்பது குழி, பிறகு ஆறு, பிறகு மூன்று, பிறகு ஒன்று. தொடக்கத்தில் தள்ளாடிக் கடைசியில் நிமிர்ந்தவருக்கே இது சாதகம்.

ஜொகூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். நீண்ட ஒற்றைச் சைரன் ஒலித்தால் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மீதமிருக்கும் பட் ஒன்றை அடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கக்கூடாது. இரண்டு குறுகிய ஒலி வந்தால் மறுபடி தொடங்கலாம். அந்த இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் அடி, காலையில் அடித்த முதல் அடியைப் போலவே இறுக்கமாக இருக்கும். பயிற்சி ஸ்விங் இரண்டு எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசிக் குழியில் பந்து விழுந்ததும் தளர்ந்துவிடுபவர்கள் அட்டையில் கோட்டைவிடுகிறார்கள். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்றில் முடித்தார்; மார்க்கர் நான்கு என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். அந்த நான்கே நின்றது, பட்டத்துக்கான பிளேஆஃப் வாய்ப்பு போனது. ஸ்ட்ரோக் பிளேயில், எழுதியது உண்மையைவிட அதிகமாக இருந்தால் அப்படியே நிற்கும். குறைவாக இருந்தால் தகுதி நீக்கம், தெரியாத தண்டத்தை விட்டுவிட்டதற்கு மட்டும் விலக்கு உண்டு. கூட்டுவது குழுவின் வேலை. ஒவ்வொரு குழியின் எண்ணும் இரண்டு கையெழுத்துகளும் ஆடியவரின் பொறுப்பு. மார்க்கரோடு உட்கார்ந்து 18 எண்களையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, அதன் பிறகே அட்டையை மேசையில் கொடுக்க வேண்டும்.