தட்டத் தட்ட மூடிக்கொள்ளும் கதவு!

அமெரிக்க விசாவுக்குத் தேதி வாங்கும்போது கணக்கு முடங்குவது ஏன்? முடங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். முதல் பிரசவம். "அம்மா, நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்று போனில் சொல்லுகிறாள்.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். விசா பேட்டிக்குத் தேதி வாங்க வேண்டும். பக்கத்தைத் திறக்கிறார். தேதி இல்லை. மீண்டும் திறக்கிறார். இல்லை. மீண்டும், மீண்டும்...

அதே நேரத்தில் அமெரிக்காவில் இருந்து மருமகனும் அதே கணக்கைத் திறக்கிறார். கோவையில் இருக்கும் மகனும் செல்போனில் திறக்கிறான்.

திடீர் என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டு விட்டது!

"நாம் என்ன குற்றம் செய்தோம்?" என்று வீடே கலங்குகிறது.

குற்றம் எதுவும் இல்லை. அவசரப்பட்டார்கள். அவ்வளவுதான். இப்படி நடக்கும் வீடுகள் பல.

எந்திரக் காவல்காரன்

தேதி கொடுக்கும் அந்த இணையதளத்துக்கு ஒரு காவல்காரன் உண்டு. அவன் மனிதன் அல்ல; எந்திரம்.

தட்டுவது தாயா, தரகரா என்று அவனுக்குத் தெரியாது. கண்ணீரும் தெரியாது. எண்ணுவது ஒன்றுதான் தெரியும். ஒரே கணக்கில் இருந்து எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணுகிறான். அளவுக்கு மிஞ்சினால் கதவை அடைத்து விடுகிறான்.

எத்தனை முறை தட்டலாம்? அதை வெளியே சொல்லுவது இல்லை. சொன்னால், ஏமாற்றுக்காரர்கள் அதற்கு ஒன்று குறைவாகத் தட்டித் தப்பி விடுவார்கள் அல்லவா?

சிலருக்குச் சில மணி நேரத்தில் கதவு திறக்கிறது. 72 மணி நேரம், அதாவது 3 நாள், காத்திருந்ததாகச் சொல்லுகிறவர்களும் உண்டு.

2,000 தேதிகள் ரத்து!

இவ்வளவு கட்டுக்காவல் எதற்கு?

மனிதன் ஒரு முறை தட்டுவதற்குள் பல நூறு முறை தட்டும் கம்ப்யூட்டர் தந்திரங்கள் இருக்கின்றன. "பாட்" என்று அவற்றுக்குப் பெயர். சில தரகர்கள் இவற்றை வைத்துத் தேதிகளை அள்ளிக்கொண்டு, அதிக விலைக்கு விற்கிறார்கள்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம், இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் அதிரடி நடவடிக்கை எடுத்தது. "பாட்" மூலம் வாங்கிய சுமார் 2,000 தேதிகளை ரத்து செய்தது. அந்தக் கணக்குகளில் மேற்கொண்டு தேதி வாங்கவும் தடை போட்டது.

ஆகவே, "நாளைக்கே தேதி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பணமும் போகும், தேதியும் போகும், கணக்கும் போகும்!

என்ன செய்ய வேண்டும்?

ஒரு கணக்கை ஒருவரே கையாள வேண்டும். அப்பாவா, மகனா என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் திறக்கவும் கூடாது.

திறக்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட், கட்டணம் கட்டிய ரசீது, "டி.எஸ்.160" என்ற விண்ணப்பத்தின் எண், பாஸ்வேர்டு, ரகசியக் கேள்விகளுக்கான பதில்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். உள்ளே போன பிறகு தேடினால் நேரம் போகும். தப்பாக அடித்து அடித்துப் பார்த்தாலும் கணக்கு முடங்கலாம்.

விண்ணப்பத்தை நிரப்பும்போதும் கவனம் தேவை. சுமார் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் பக்கம் மூடிவிடும். அவ்வப்போது சேமித்துக் கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தேதி இல்லை என்றால் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து விடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பதால் தேதி முளைத்து விடாது.

ஒரே ஒரு மாற்றம்

தள்ளி ஒரு தேதி கிடைத்தால் வேண்டாம் என்று விடாதீர்கள். அதை வாங்கி வையுங்கள். பிறகு முன்கூட்டி ஒரு தேதி கிடைத்தால் மாற்றிக் கொள்ளலாம்.

ஆனால், 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல், கூடுதல் கட்டணம் இல்லாமல் ஒரு முறைதான் மாற்ற முடியும். இரண்டாவது முறை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் போகிறவர்களுக்கு விசா கட்டணம் தலைக்கு 185 டாலர். கட்டிய பணம் திரும்பி வராது. ஆகவே, அந்த ஒரு மாற்றத்தை யோசித்துச் செய்யுங்கள்.

முடங்கிவிட்டால்?

பதற வேண்டாம். மறுபடியும் தட்டிப் பார்க்காதீர்கள். வேறு பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்காதீர்கள். அது சிக்கலை வளர்க்கும். 3 நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒரே ஒரு முறை திறந்து பாருங்கள்.

முன்பே கிளம்புங்கள்

"அவசரம் என்று சொன்னால் சீக்கிரம் தரமாட்டார்களா?" என்று கேட்கலாம்.

அவசரப் பேட்டி என்று ஒன்று இருக்கிறது. முதலில் கட்டணம் கட்டி, சாதாரணத் தேதி ஒன்றை வாங்கிய பிறகுதான் அதைக் கேட்க முடியும். நெருங்கிய உறவினரின் மரணம், கடுமையான நோய் போன்ற காரணங்களுக்குத்தான் அது உண்டு. கல்யாணம், பட்டமளிப்பு விழா ஆகியவற்றுக்குக் கிடையாது. கர்ப்பிணி மகளுக்குத் துணையாகப் போவதும் அந்தக் கணக்கில் சேராது!

பிரசவத்துக்குப் போகிற பெற்றோர் இதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் "உண்டாகி இருக்கிறேன்" என்று சொன்னதுமே தேதி வாங்கும் வேலையைத் தொடங்கி விடுங்கள். ஒன்பதாம் மாதத்தில் தொடங்கினால்தான் கை நடுங்கும். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கையில் பல மாதங்கள் இருந்தால், 3 நாள் கதவு அடைத்திருந்தாலும் கவலை இல்லை. பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டப் பாட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து விடுவாள்!