வீட்டுப் பூனையை வெளியே விடுதல்

வீட்டுப் பூனையை வெளியே விடுதல் என்பது, வீட்டுக்குள் வளர்க்கப்படும் பூனையைத் தெரு, தோட்டம், மொட்டைமாடி போன்ற இடங்களில் தன் விருப்பப்படி திரிய அனுமதிப்பதாகும். பூனை வளர்ப்போரிடையே இது பற்றி நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உள்ளது. பூனையின் நலன், அது வேட்டையாடும் சிற்றுயிர்களின் நலன், அக்கம்பக்கத்தாரின் நலன் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன. எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை.

பின்னணி

இன்றைய வீட்டுப் பூனை, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. மேற்கு ஆசியாவில் வேளாண்மை தோன்றியபோது, தானியக் குதிர்களை நாடிவந்த எலிகளைத் தேடிப் பூனைகளும் மனிதக் குடியிருப்புகளை அடைந்தன. சைப்ரசு தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் மனிதருக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

இத்தனை நீண்ட உறவில், பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் வைத்திருக்கும் வழக்கம் மிக அண்மையது. அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் 1947-இல் களிமண் துகள்களைப் பூனையின் கழிவுத் தட்டுக்கென விற்கத் தொடங்கினார். அதன் பின்னரே இவ்வழக்கம் பரவலாகச் சாத்தியமாயிற்று. ஆகவே பூனையின் உடலும் இயல்பும் இன்னும் வேட்டை விலங்குக்கு உரியவையே. வேட்டை உணர்வு பசியை மட்டும் சார்ந்ததன்று. வயிறு நிறைந்த பூனையும் அணிலைக் கண்டால் பதுங்கும்.

வெளியே உள்ள ஆபத்துகள்

வாகனங்களும் தெருநாய்களும் முதன்மையான ஆபத்துகள். அடுத்தது பூனைகளுக்கிடையேயான சண்டை. பூனைகளின் நோயெதிர்ப்புத் திறனைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்னும் வைரசு பெரும்பாலும் கடிகாயங்கள் வழியே பரவுகிறது. இதை முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. இந்த வைரசு மனிதருக்குத் தொற்றாது. குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லக்கூடிய பான்லூகோபீனியா வைரசு, மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும்.

எலிமருந்து மற்றோர் ஆபத்து. புரோமாடியோலோன் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்கின்றன. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனைக்கும் அதே கேடு நேரலாம்.

ரேபீஸ் நோய் நாய்களைப் போலவே பூனைகளையும் தாக்கும். இந்தியாவில் தெருநாய்களிடையே இந்நோய் இருப்பதால், வெளியே செல்லும் பூனைக்குத் தடுப்பூசி இன்றியமையாதது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள ஆபத்துகள்

வீட்டுக்குள் இருப்பதாலேயே பூனை நலமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஓடியாட இடமில்லாத பூனை பருமனாகி, நீரிழிவு நோய்க்கு ஆளாகலாம். சலிப்பும் மன அழுத்தமும் சிறுநீர்ப்பை அழற்சிக்குக் காரணமாகின்றன. தட்டை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தல், ஓயாமல் தன் மயிரை நக்கி உதிர்த்தல், ஆளைக் கடித்தல் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

அடுக்குமாடியில் சன்னலிலிருந்து விழுதலும் உண்டு. நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட அப்பூனைகளில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. ஆயினும் மார்புக் காயம், தாடை முறிவு, கால் எலும்பு முறிவு போன்றவை பலவற்றுக்கு ஏற்பட்டிருந்தன.

பிற உயிரினங்கள்

அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பகுதியைக் கொல்பவை உரிமையாளர் அற்ற பூனைகள் என்பதையும் அவ்வாய்வு குறிப்பிட்டது.

தீவுகளில் விளைவு இன்னும் கடுமையானது. நியூசிலாந்தின் சுடீவன்சு தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் அமைந்த காலத்தில் பூனைகளும் வந்து சேர்ந்தன. அங்கு மட்டுமே எஞ்சியிருந்த, பறக்க இயலாத சிறு பறவையினம் ஒன்று சில ஆண்டுகளில் அற்றுப்போனது.

நாடுகளின் நடைமுறை

பிரித்தானியாவில் பூனை வெளியே சென்றுவருவது இயல்பாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் 2024 சூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதுக்குள் மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாறாக, ஆத்திரேலியத் தலைநகரப் பகுதியில் 2022 சூலை 1 முதல் பிறந்த பூனைகளை உரிமையாளரின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். செருமனியின் வால்டோர்ஃப் நகரின் ஒரு பகுதியில், கொண்டை வானம்பாடியின் குஞ்சுகளைக் காக்க, 2022 கோடையில் பூனைகளை வெளியே விடத் தடை விதிக்கப்பட்டது. வாரில் கட்டி அழைத்துச் செல்ல மட்டும் அனுமதி இருந்தது.

முடிவெடுக்கும் முறை

பின்வரும் கேள்விகளுக்கு விடை கண்டபின் முடிவெடுப்பது நல்லது.

1. வீட்டைச் சுற்றிப் போக்குவரத்தும் தெருநாய்களும் எந்த அளவில் உள்ளன?
2. தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டுள்ளனவா?
3. கருத்தடை அறுவை செய்யப்பட்டுள்ளதா? பெட்டைப் பூனை நான்கு, ஐந்து மாத வயதிலேயே சினையாகக்கூடும்.
4. பூனைக்குச் செவிடு, பார்வைக் குறை, முதுமை, நாட்பட்ட நோய் ஏதும் உண்டா?
5. அருகில் பறவைகள் கூடுகட்டும் புதர்கள் உள்ளனவா? அண்டை வீட்டார் கோழி, புறா வளர்க்கிறார்களா?

முதல் கேள்விக்கு "அதிகம்" என்பது விடையானால், மற்றவை சாதகமாக இருந்தாலும் தனியே விடாமல் இருப்பதே பாதுகாப்பு. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு "இல்லை" என்றால், அவற்றை முடிக்கும்வரை வெளியே விடக்கூடாது.

இடைவழிகள்

உள்ளே அல்லது வெளியே என்னும் இரண்டே வழிகள்தாம் உண்டு என்பதில்லை. பால்கனிக்கு உறுதியான கம்பிவலை அடித்தால் பூனைக்கு வெயிலும் காற்றும் வேடிக்கையும் கிடைக்கும். புறாக்களுக்காகக் கட்டும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடலாம். மார்பையும் வயிற்றையும் சுற்றி அணிவிக்கும் பட்டையை முதலில் வீட்டுக்குள் சில நாள் பழக்கி, பின் வாரில் இணைத்து வெளியே அழைத்துச் செல்லலாம்.

தனியே விடுவதென முடிவானால், புதுவீட்டுக்கு வந்த பூனையை முதலில் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். பிறகு உணவு வேளைக்குச் சற்றுமுன், ஆள் உடனிருக்க, சில நிமிடங்கள் விடலாம். பசி அதை வீட்டுக்கு அழைத்துவரும். அந்தி சாய்வதற்குள் உள்ளே சேர்ப்பது பூனைக்கும் பிற உயிர்களுக்கும் நல்லது. கழுத்துப் பட்டை, கிளையில் சிக்கினால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும்.

உள்ளேயே வைப்பதென்றால், ஏறி அமர உயரமான பலகை, நகம் தீட்டக் கயிறு சுற்றிய கட்டை, நாள்தோறும் விளையாட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் கழிவுத் தட்டு ஆகியவை தேவை.

உள்ளே வைத்திருந்த பூனையை நாளை வெளியே விட முடியும். வெளியே பழகிய பூனையை மீண்டும் அடைத்துவைப்பது கடினம். வண்டியில் அடிபட்ட பூனையை மீட்பது பல வேளைகளில் முடியாது. எனவே ஐயமுள்ளபோது, வலை அடித்த பால்கனி போன்ற சிறிய சுதந்திரத்திலிருந்து தொடங்குவதே தக்கது.